குரோமியம் பிடித்த தோல்

“பாய், அரிப்புக்கு ஒரு டியூப் குடுங்க.”

சாயங்கால ஷிஃப்ட் விடுகிற நேரத்தில் ஆம்பூர்ப் பக்கத்து மருந்துக் கடை எதிலாவது அரைமணி நேரம் நின்றால் இந்த வாக்கியம் காதில் விழாமல் போகாது. கேட்பவர் கையை நீட்டிக் காட்டுவதில்லை. கடைக்காரரும் எங்கே அரிப்பு, எத்தனை நாளாக, என்ன வேலை என்று கேட்பதில்லை. டியூப் கைமாறுகிறது. இரண்டு நாளில் அரிப்பு அடங்குகிறது, இரண்டு வாரத்தில் திரும்பி வருகிறது, அடுத்த டியூப். ‘எதுக்கு?’ என்று கேட்டவுடன் பதில் சொல்லிவிடுகிற கடை இது. ‘எதனால்?’ என்று கேட்க அங்கே யாருக்கும் நேரமில்லை.

தமிழில் உயிரோடு இருக்கும் உடம்பைப் போர்த்தியிருப்பதும் தோல்தான், செத்த மாட்டிலிருந்து உரித்து டிரம்மில் போட்டுப் புரட்டுவதும் தோல்தான். ‘சருமம்’ என்ற சொல்லைச் சோப்பு விளம்பரத்துக்கு விட்டுவிட்டோம். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றுப் படுகை நெடுகிலும் ஒரே குடும்பத்தில் ஒருவர் தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் டேனரியில், வேலை பார்ப்பார், இன்னொருவர் தோல் டாக்டருக்குக் காத்திருப்பார். பல நேரம் இருவரும் ஒரே ஆள். மொழி ஒன்றாக்கி வைத்ததை வேதியியலும் ஒன்றாகத்தான் பார்க்கிறது. டிரம்முக்குள் மாட்டுத்தோலில் குரோமியம் என்ன செய்கிறதோ, அதைத்தான் தொழிலாளியின் புறங்கையிலும் செய்கிறது. இரண்டு இடத்திலும் அது புரதத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது.

முதலில் டிரம்மைப் பார்ப்போம். பச்சைத் தோலின் பெரும்பகுதி கொலாஜன் என்ற புரதம். மூன்று இழைகள் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிய கயிறு போல அதன் அமைப்பு இருப்பதைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954, 55ஆம் ஆண்டுகளில் கண்டு சொன்னார்கள். இந்தக் கயிற்றை அப்படியே விட்டால் அழுகும். ஏறக்குறைய 60 டிகிரி வெந்நீரில் போட்டால் சுருண்டு பசையாகிவிடும். பதனிடுதல் என்பது இந்தக் கயிறுகளுக்கு இடையே முடிச்சுப் போடுவது. நம் பழைய முறையில் அந்த முடிச்சை ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டன. வாரக்கணக்கில் ஊற வேண்டும். குரோமியம் உப்பு அதே வேலையை ஒரே நாளில் முடித்துவிடும். அப்படி முடிச்சுப் போட்ட தோல் கொதிநீரைக்கூடத் தாங்கும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை ஓவியப் பள்ளியின் கண்காணிப்பாளராக இருந்த ஆல்ஃபிரட் சாட்டர்டன் இந்த முறையை இங்கே சோதித்துப் பரப்பினார். பல்லாவரம் பக்கத்தில் எழுந்த குரோம் லெதர் தொழிற்சாலையின் பெயர்தான் குரோம்பேட்டையாக நிலைத்தது. இன்று உலகத்தில் பதனிடும் தோலில் ஐந்தில் நான்கு பங்கு குரோமியத்தில்தான். டிரம்மிலிருந்து வெளியே வரும்போது தோல் வெளிர்நீலமாக, ஈரமாக இருக்கும். அதனால்தான் அதற்கு ‘வெட் ப்ளூ’ என்று பெயர். அந்த நீலம் முடிச்சு விழுந்ததற்கான அடையாளம்.

இனி கைக்கு வருவோம். குரோமியத்துக்கு இரண்டு முகம் உண்டு. பதனிடப் பயன்படுவது மூன்று மின்னூட்டம் கொண்டது. அது அடக்கமான ஆள், நம் மேல்தோலைச் சுலபமாகத் தாண்டாது. டைகுரோமேட்டில் இருப்பது ஆறு மின்னூட்டம் கொண்டது. அது அனுமதி கேட்காமல் உள்ளே நுழைந்துவிடும். வேடிக்கை என்னவென்றால், உள்ளே போன ஆறு அங்கே மூன்றாக மாறுகிறது. மாறியவுடன் பக்கத்தில் இருக்கும் புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது, டிரம்மில் பிடித்ததைப் போலவே. ஆனால் இது செத்த தோல் இல்லை; இங்கே காவல்காரர்கள் இருக்கிறார்கள். ஜெர்மானிய மருத்துவ மாணவர் பால் லாங்கர்ஹான்ஸ் 1868இல் விவரித்த செல்கள் மேல்தோலில் கிளைவிரித்து உட்கார்ந்திருக்கின்றன. குரோமியம் ஒட்டிய புரதம் அவற்றின் கண்ணுக்கு வேற்றாளாகத் தெரிகிறது. அந்தச் செய்தி நிணநீர் முடிச்சுக்குப் போகிறது, அங்கே டி-செல்கள் முகத்தை மனப்பாடம் செய்துகொள்கின்றன. இதற்குப் பத்துப் பதினைந்து நாள் ஆகும். இந்த முதல் சுற்றில் வெளியே ஒன்றும் தெரியாது. அடுத்த முறை அதே குரோமியம் பட்டால் ஒன்றிரண்டு நாளில் அந்த இடத்தில் அரிப்பு, தடிப்பு, பொடிப்பொடிக் கொப்புளம், நீர்க்கசிவு. இதுதான் ஒவ்வாமைத் தொடுதோல் அழற்சி.

“இருபது வருஷமா இதே வேலைதான் செய்றேன். அப்போ வராதது இப்போ எப்படி வரும்?” என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஒவ்வாமை பழக்கத்தைப் பார்த்து விலகிப்போகும் நோய் இல்லை. இருபது வருடம் தொட்டிருக்கலாம்; இருபத்தோராம் வருடம் கையில் ஒரு வெடிப்பு விழுந்து, அதன் வழியே வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகம் உள்ளே போன ஒரு வாரத்தில் டி-செல் மனப்பாடம் செய்துவிடும். செய்த பிறகு அது எளிதில் மறப்பதில்லை.

ஆனால் எல்லாப் பழியையும் குரோமியத்தின் மேல் போடுவது தவறு. தொழிலால் வரும் தோல் அழற்சிகளில் பெரும்பாலானவை ஒவ்வாமையே இல்லை, வெறும் உறுத்தல். நம் மேல்தோலைச் செங்கல் சுவர் என்று வைத்துக்கொண்டால், செத்த செல்கள் செங்கல், இடையிலுள்ள கொழுப்பு சாந்து. இந்தச் சுவரின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை கொண்டது. அமில கார அளவுகோலில் ஏறக்குறைய ஐந்து. இப்போது தோல் ஷாப்பில் ஒரு பச்சைத் தோல் போகும் வழியை நினைத்துப் பாருங்கள். உப்பில் வரும், தண்ணீரில் ஊறும், பிறகு சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் கலந்த குழம்பில் முடி உதிரும். அங்கே அளவு பன்னிரண்டைத் தாண்டும். அடுத்து அமிலமும் உப்பும் சேர்ந்த பிக்கிள். அங்கே மூன்றுக்கும் கீழே. மாட்டுத்தோலுக்கு வேண்டிய இந்த ஏற்ற இறக்கத்தை மனிதக் கையும் கூடவே அனுபவிக்கிறது. மாட்டின் முடியைக் கரைக்கும் குழம்பு மனிதனின் சாந்தை மட்டும் விட்டுவைக்குமா? அந்த வேலையைத் தலைமுறை தலைமுறையாக யார் தலையில் கட்டினோம் என்பதும், டிரம்மை இறக்குகிற கைகள் எந்தத் தெருவிலிருந்து வருகின்றன என்பதும் இந்த வட்டாரத்தில் யாருக்கும் தெரியாததில்லை. திண்டுக்கல் தோல் ஷாப் தொழிலாளர்களைப் பற்றி டி. செல்வராஜ் எழுதி 2012இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற நாவலின் பெயரே ‘தோல்’தான்.

உறுத்தலுக்கும் ஒவ்வாமைக்கும் வித்தியாசம் சொல்வது மருத்துவருக்கே சில நேரம் கடினம். ஆனாலும் சில துப்புகள் உண்டு. உறுத்தல் பட்ட சில மணி நேரத்திலேயே தெரியும். அரிப்பைவிட எரிச்சல் தூக்கலாக இருக்கும். பட்ட இடத்தோடு நிற்கும். கூட வேலை செய்கிற பத்துப் பேரில் ஆறு பேருக்காவது கொஞ்சமாவது இருக்கும். ஒவ்வாமை ஒன்றிரண்டு நாள் தாமதித்து வரும், அரிப்புத்தான் முதல், எல்லை தாண்டிப் பரவும், பத்துப் பேரில் ஒருவருக்கு மட்டும் வரும், மற்ற ஒன்பது பேரும் “உனக்கு மட்டும் என்னடா?” என்பார்கள். லீவு எடுத்தால் இரண்டும் குறையும். உறுத்தலில் “போகப் போகப் பழகிடும்” என்று மேஸ்திரி சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. சிலருக்குத் தோல் தடித்துத் தாக்குப்பிடிக்கக் கற்றுக்கொள்ளும். ஒவ்வாமையில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. தவிர, உறுத்தல்தான் பெரும்பாலும் ஒவ்வாமைக்குக் கதவைத் திறந்துவிடுகிறது. சாந்து போன சுவரில் எதுவும் நுழையும்.

ஷூ கம்பெனிகளின் கதை வேறு. அங்கே சுண்ணாம்பும் இல்லை, சல்பைடும் இல்லை. மேற்பாகம் தைக்கும், ஒட்டும் வரிசைகளில் ஆயிரக்கணக்கான பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுடைய விரல் நுனியைத் தொடுவது சொலூஷன் என்கிற பசை. நியோபிரீன் பசையில் பாரா டெர்ஷியரி பியூட்டைல் ஃபீனால் ஃபார்மால்டிஹைடு என்ற பிசின் சேர்ப்பதுண்டு. பெயரை நினைவில் வைக்க வேண்டியதில்லை. ஆனால் இந்தக் குடும்பத்து ரசாயனம் ஸ்டிக்கர் பொட்டின் பின்புறத்துப் பசையிலும் இருந்திருக்கிறது என்பதை நினைவில் வைக்கலாம். நெற்றியில் பொட்டு வைக்கும் இடத்தில் மட்டும் அரித்து, பிறகு வட்டமாக நிறம் வெளுத்துப் போகிறதே, அதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பகலில் விரலில், இரவு பகலாக நெற்றியில் என்று ஒரே பெண்ணை ஒரே பொருள் இரண்டு இடத்தில் சந்திக்க முடியும். கையில் ஒட்டிய பசையைத் தின்னரால் துடைத்துக்கொள்கிறார்களே, அது சாந்தையும் சேர்த்துத் துடைக்கிறது.

தடிப்பின் உருவத்தைப் படிக்கத் தெரிந்தால் பாதி நோயறிதல் முடிந்தது. செருப்பின் வார் போகும் வழியிலேயே பாதத்தின் மேல் ஆங்கில ‘வி’ வடிவத்தில் தடிப்பா? வாரின் தோலோ ரப்பரோ காரணம். விரலிடுக்கை விட்டுவிட்டுப் பாதத்தின் மேற்புறம் மட்டுமா? ஷூவின் மேற்தோலைச் சந்தேகிக்கலாம். சாக்ஸ் இல்லாமல் வியர்வையோடு போட்டால் குரோமியம் கரைந்து இறங்கும். மணிக்கட்டில் வட்டமாக வந்தால் வாட்ச் பட்டையோ கையுறையின் விளிம்போ. காதுமடலிலும் தொப்புளுக்குக் கீழேயும் வந்தால் கவரிங் கம்மலிலும் பேன்ட் பொத்தானிலும் இருக்கும் நிக்கல். கண்ணிமை, கழுத்து மடிப்பு, முழங்கை மடிப்பு என்று வந்தால் காற்றில் பறக்கும் எதுவோ. தரிசில் மண்டிக் கிடக்கும் பார்த்தீனியமாகவும் இருக்கலாம். 1950களில் புனேயில் முதலில் கண்ணில் பட்ட அந்தச் செடி இன்று நாட்டில் போகாத ஊரில்லை.

இங்கே ஒரு குறுக்கீடு. மருத்துவப் புத்தகங்கள் அழற்சிக்கு முதல் அடையாளமாகச் ‘சிவந்துபோதல்’ என்று எழுதியிருக்கும். அது வெள்ளைத் தோலைப் பார்த்து எழுதிய வாக்கியம். நம் நிறத்தில் சிவப்புத் தெரியாது. கருநீலமாக, சாம்பலாக, அல்லது சுற்றியுள்ள தோலைவிட அடர்ந்த பழுப்பாகத் தெரியும். சிவப்பு இல்லை என்பதால் ‘ஒன்றுமில்லை’ என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் உண்டு. லண்டனில் மருத்துவ மாணவராக இருந்த மலோன் முக்வெண்டே, கருந்தோலில் நோய்க்குறிகள் எப்படித் தெரியும் என்று காட்ட 2020இல் தன் ஆசிரியர்களோடு சேர்ந்து ‘மைண்ட் தி கேப்’ என்ற கையேட்டை வெளியிட வேண்டியிருந்தது. நாம் சூட்டையும் வீக்கத்தையும் செதிலையும் தொட்டுப் பார்க்கப் பழக வேண்டும். அழற்சி ஆறிய பிறகு மாதக்கணக்கில் நிற்கும் கறுப்பு, நோய் அல்ல. நோய் போன தடம். அதைப் போக்கவென்று இன்னொரு டியூப் வாங்குகிறவர்கள் அதிகம்.

எல்லாத் தடிப்பும் அழற்சி என்று நினைத்துவிடவும் கூடாது. நம் மக்கள் இதற்கெல்லாம் தனித்தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள், மருத்துவக் கல்லூரி வருவதற்கு முன்பே. வட்டமாக, ஓரம் மட்டும் தடித்து, நடு ஆறினாற்போல விரிந்துகொண்டே போவது படர்தாமரை, அது பூஞ்சை. வியர்வையில் நெஞ்சிலும் முதுகிலும் வெளிர்த்திட்டாக வருவது தேமல். அதுவும் பூஞ்சைதான், ஆனால் சாது. ஈரத்தில் நின்றே வேலை செய்பவர்களின் கால்விரல் இடுக்கில் வெளுத்து ஊறுவது சேற்றுப்புண். திடீரென்று தடித்து, சில மணி நேரத்தில் இருந்த இடம் தெரியாமல் மறைந்து, வேறிடத்தில் கிளம்புவது காணாக்கடி. எது கடித்தது என்று காணாததால் அந்தப் பெயர். எவ்வளவு அழகான நோயறிதல்! ராத்திரியில் அரிப்பு கூடி, வீட்டில் இன்னும் இரண்டு பேர் சொறிந்தால் சிரங்கு. அதற்கு வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் மருந்து பூச வேண்டும், இல்லையென்றால் அது குடும்பத்துக்குள்ளேயே சுற்றும். முழங்கை, முழங்கால், தலை ஆகிய இடங்களில் வெள்ளிச் செதிலோடு தெளிவான ஓரத்தோடு நிற்பது சொரியாசிஸ். சித்த மருத்துவம் காளாஞ்சகப்படை என்கிறது. உடம்பின் ஒரே பக்கத்தில் பட்டையாகக் கொப்புளம் வந்து எரிந்தால் அக்கி. காவியால் சிங்கம் எழுதிக்கொள்வதில் எனக்கு ஆட்சேபமில்லை, ஆனால் வைரஸுக்கான மாத்திரையை முதல் மூன்று நாளுக்குள் தொடங்கிவிட வேண்டும்.

அரிக்காத திட்டு ஒன்று உண்டு. வெளிறியோ செம்புநிறமாகவோ இருக்கும்; தொட்டால் தெரியாது, சுட்டாலும் தெரியாது. அது தொழுநோயாக இருக்கலாம். காட்பாடி பக்கம் கரிகிரியில் 1955 முதல் இதற்கென்றே ஆராய்ச்சி மருத்துவமனை இருக்கிறது. தொழுநோய் மருத்துவத்தில் ராபர்ட் காக்ரேனும் பால் பிராண்டும் உலகத்துக்கே வழிகாட்டிய வட்டாரம் இது. மருந்து இலவசம், முழுதாகக் குணமாகும். அரிக்கவில்லையே என்று சும்மா இருப்பதுதான் ஆபத்து.

சிகிச்சைக்கு வருவோம். தொடுதோல் அழற்சிக்கு முதல் மருந்து, காரணத்தை விலக்குவது. இரண்டாவது, சுவருக்குச் சாந்து பூசுவது. மூன்றாவதுதான் டியூப். நாம் மூன்றாவதில் தொடங்கி அதிலேயே முடிக்கிறோம்.

நீர் கசிகிற புதுத் தடிப்பில் களிம்பு நிற்காது, வழுக்கிக்கொண்டு போகும். அப்போது வேண்டியது ஈரத்துணி. கொதிக்க வைத்து ஆறிய நீரில் கொஞ்சம் உப்பு, சுத்தமான வேட்டித்துணி, பத்துப் பதினைந்து நிமிடம், நாளைக்கு மூன்று வேளை. டாக்டர் பொட்டாசியம் பெர்மாங்கனேட் சொன்னால் வெளிர் ரோஜா நிறத்துக்கு மேல் போக வேண்டாம். கரையாத ஒரு மணி தோலில் உட்கார்ந்தால் சுட்டுவிடும். கசிவு நின்றபின் கிரீம். வறண்டு வெடித்த பழைய தடிப்புக்கு எண்ணெய்ப்பசை மிகுந்த ஆயின்ட்மென்ட். வருடக்கணக்கில் சொறிந்த இடம் தடித்துக் கோடுகோடாகி, கறுத்து, பதனிட்ட தோல் போலவே ஆகிவிடும். மருத்துவப் புத்தகத்திலேயே அதற்கு ‘தோல் போல’ என்றுதான் வர்ணனை, அதாவது லெதர் போல. மொழி திரும்பவும் வந்து சேர்ந்த இடம் அது.

சாந்து என்றால் விலையுயர்ந்த லோஷன் தேவையில்லை. வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லி போதும், தேங்காய் எண்ணெயும் நல்லதுதான். வேலைக்கு முன், கை கழுவியதும், படுக்கும்போது என்று பூச வேண்டும். படுக்கும்போது பூசி, மேலே பழைய காட்டன் கையுறை போட்டுக்கொண்டால் ஒரு வாரத்தில் வெடிப்பு மூடத் தொடங்கும். செய்யக் கூடாதவை நிறைய: கிருமிநாசினித் திரவத்தைத் தண்ணீர் கலக்காமல் ஊற்றுவது, பூண்டு அரைத்து வைப்பது, எலுமிச்சை தேய்த்து வெயிலில் போவது, எருக்கம்பால். மஞ்சளைக் குறை சொன்னால் வீட்டில் சோறு கிடைக்காது; ஆனாலும் மஞ்சளுக்கே ஒவ்வாமை உள்ளவர்கள் இருக்கிறார்கள்.

ஸ்டீராய்டு களிம்பு நல்ல மருந்து. அதைப் பார்த்துப் பயப்படவும் தேவையில்லை, அதோடு குடித்தனம் நடத்தவும் கூடாது. முகம், அக்குள், தொடையிடுக்கு ஆகிய மெல்லிய இடங்களுக்கு மிதமானது, சில நாள் மட்டும். தடித்த உள்ளங்கைக்கு வீரியமானது, சில வாரம். அளவு தெரிய ஒரு எளிய வழி: ஆட்காட்டி விரலின் கடைசி ரேகையிலிருந்து நுனிவரை ஒரு கோடு பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம். அது இரண்டு உள்ளங்கைப் பரப்புக்குப் போதும். சிக்கல் எங்கே வருகிறதென்றால், கடையில் கேட்கும் ‘அரிப்பு டியூபில்’ பல நேரம் வீரியமான ஸ்டீராய்டும், பூஞ்சைக்கு ஒன்றும், பாக்டீரியாவுக்கு ஒன்றுமாக மூன்று நான்கு மருந்து கலந்திருக்கும். படர்தாமரையில் அதைப் பூசினால் ஸ்டீராய்டு அரிப்பை அடக்கும், பூஞ்சை உள்ளுக்குள் நிம்மதியாக வளரும். வட்டம் கலைந்து மருத்துவருக்கே அடையாளம் தெரியாத முகமூடி போட்டுக்கொள்ளும். இந்தியா முழுக்க இப்போது மருந்துக்கு மசியாத படர்தாமரை பரவிக் கிடப்பதற்கு இந்தக் கலவை டியூப்கள் ஒரு பெரிய காரணம் என்று தோல் மருத்துவர்கள் பல ஆண்டுகளாகக் கத்திக்கொண்டிருக்கிறார்கள். 2018இல் மத்திய அரசு ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துகளின் பட்டியலில் கொண்டுவந்தது. சீட்டு கேட்கிற கடையை நான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

மூன்று மாதத்துக்கு மேல் தடிப்பு போக்கு காட்டினால் பேட்ச் டெஸ்ட் செய்வது நல்லது. யோசெஃப் யாடசோன் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1895இல் அறிவித்த சோதனை. இன்றுவரை பெரிதாக மாறவில்லை. சந்தேகப் பொருள்களைச் சிறுசிறு கிண்ணங்களில் வைத்து முதுகில் ஒட்டுவார்கள். குரோமியத்துக்கு, வாசலினில் கலந்த அரை சதவீதப் பொட்டாசியம் டைகுரோமேட். இரண்டு நாள் முதுகில் தண்ணீர் படக் கூடாது, வியர்க்கக் கூடாது. பிரித்ததும் ஒரு முறை, அடுத்த ஓரிரு நாளில் இன்னொரு முறை பார்ப்பார்கள். வேலூர் சிஎம்சி போன்ற பெரிய மருத்துவமனைகளின் தோல் பிரிவில் செய்கிறார்கள். மூன்று நான்கு நாள் கூலி போகுமே என்று தட்டிக் கழிப்பவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் காரணம் எது என்று பெயர் சொல்கிற சோதனை இது ஒன்றுதான்.

பெயர் தெரிவதால் என்ன லாபம்? ஒரு உதாரணம். குரோமிய ஒவ்வாமை வந்தவர் டேனரி வேண்டாம் என்று கட்டட வேலைக்குப் போகிறார் என்று வையுங்கள். ஈர சிமென்டிலும் அதே ஆறு மின்னூட்டக் குரோமியம் இருக்கிறது. சூளையில் எரியும்போது உருவாவது. நரகத்திலிருந்து தப்பி அதன் அடுத்த தெருவில் குடியேறிய கதை. டென்மார்க் 1983இலேயே சிமென்டில் இரும்பு சல்பேட் சேர்த்து இந்தக் குரோமியத்தை அடக்க வேண்டும் என்று விதித்தது. அங்கே கொத்தனார்களின் கை அரிப்பு குறைந்தது. பிறகு அங்கேயே தோல் ஷூவால் வரும் குரோமிய ஒவ்வாமை தலைதூக்கியது. கையுறையிலும் இதே கண்ணாமூச்சி உண்டு. ரப்பரை முறுக்கேற்றும் ரசாயனங்களுக்கே சிலருக்கு ஒவ்வாமை. தோல் கையுறை என்றால் அதிலும் குரோமியம். ஓட்டை விழுந்த கையுறை, கையுறையே இல்லாததைவிட மோசம். உள்ளே புகுந்த சுண்ணாம்புத் தண்ணீர் வியர்வையோடு மணிக்கணக்கில் ஊறும்.

ஆறு மின்னூட்டக் குரோமியம் இந்த மண்ணுக்குப் புதிதில்லை. பழைய டேனரிகள் டைகுரோமேட்டை வாங்கி, கந்தக அமிலமும் கழிவுப்பாகும் சேர்த்துத் தாங்களே பதனிடும் நீரைக் காய்ச்சிக்கொண்டன. அந்த டைகுரோமேட் தோலில் அரிப்போடு நிற்காது. வலியே இல்லாத குழிப்புண் போடும், மூக்கின் நடுச்சுவரைத் துளைக்கும். கிளாஸ்கோ மருத்துவர் வில்லியம் கியூமின் 1827இலேயே அந்தப் புண்ணை விவரித்துவிட்டார். ராணிப்பேட்டையில் குரோமேட் தயாரித்து 1995இல் மூடப்பட்ட தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் ஆலை விட்டுப்போன ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கழிவு மேட்டிலிருந்து கசிந்தது இந்த ஆறு மின்னூட்டக் குரோமியம்தான். உலகின் மிக மாசடைந்த பத்து இடங்கள் என்று பிளாக்ஸ்மித் நிறுவனம் 2006இல் வெளியிட்ட பட்டியலில் ராணிப்பேட்டையும் ஒன்று.

இன்று டேனரிகளில் ஆபத்துக் குறைந்த, மூன்று மின்னூட்ட உப்பு மூட்டையிலேயே வருகிறது. ஆனால் பதனிட்ட தோலைச் சூட்டிலும் வெயிலிலும் வறண்ட காற்றிலும் வைத்தாலோ, தவறான கொழுப்பெண்ணெயைச் சேர்த்தாலோ, மூன்று மெல்ல ஆறாகத் திரும்பும். அதனால் ஐரோப்பிய ஒன்றியம் 2015 மே மாதம் முதல் உடலில் படும் தோல் பொருளில் ஒரு கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் ஆறு மின்னூட்டக் குரோமியம் இருக்கக் கூடாது என்று விதித்திருக்கிறது. ஆம்பூரிலிருந்து ஏற்றுமதியாகும் ஷூவின் தோல் ஆய்வகத்தில் துண்டு வெட்டிச் சோதிக்கப்படுகிறது. ஹாம்பர்க்கில் ஒரு காலுக்குள் நுழையப்போகிற ஷூவுக்கு மில்லிகிராம் கணக்கு இருக்கிறது. அதைத் தைத்த விரலுக்கு அப்படி ஒரு கணக்கை யாரும் எழுதி வைப்பதில்லை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை குரோமியப் புண்ணையும் ரசாயனத்தால் வரும் தொடுதோல் அழற்சியையும் அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய்கள் என்று பட்டியலிட்டது. பார்க்கும் மருத்துவர் எழுதி அனுப்ப வேண்டும். சீட்டில் வேலை என்னவென்றே எழுதாத இடத்தில் நோயை யார் எழுதுவது?

எனவே ஒரு வேண்டுகோள். காய்ச்சலோடு தடிப்பு வந்தால், புது மாத்திரை சாப்பிட்ட பிறகு வாயில் புண்ணும் உடம்பில் தோல் உரிதலும் வந்தால், உதடு வீங்கி மூச்சுத் திணறினால், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். மற்ற நேரத்தில் தோல் டாக்டரிடம் போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். போட்டிருக்கும் செருப்பு, கிழிந்த கையுறை, சொலூஷன் டப்பாவின் லேபிள், இதுவரை பூசிய டியூப்கள் அத்தனையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். அவர் கேட்காவிட்டாலும் மேஜை மேல் எடுத்து வையுங்கள். என்ன வேலை செய்கிறீர்கள், எந்த வரிசையில் உட்காருகிறீர்கள், ஞாயிற்றுக்கிழமை அரிப்பு குறைகிறதா என்று நீங்களே சொல்லுங்கள். சொன்னதைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள்.